கங்காணியின் எடை

கீழத்தருவை உப்பளத்துக்கு மேலே மேகம் வந்தால், ஆறு பேர் கயிறு வீசிப் பிடித்து இழுத்துப்போய்க் கலங்கரை விளக்கத்தில் கட்டிவிடுவார்கள். கயிற்றில் கை வைத்தபடி பொய் சொன்னால், சொன்னவரின் எடை குறையும். அதனால் அந்த வேலையில் பேச்சு குறைவு.

பதினொரு வருடம் கங்காணியாக இருந்த பால்துரை, “எல்லாம் என் கையில இருக்கு” என்று சொல்லி மேகத்தோடு போய்விட்டார். பதிவேட்டில் ‘வெளியூர்ப் பணி’ என்று எழுதி, ஞானப்பூவைக் கங்காணி ஆக்கினார்கள்.

ஞானப்பூ முதல் நாளே மடியில் மூன்று கிலோ கல் கட்டிக்கொண்டாள். கங்காணி என்றால் எதையாவது சொல்லித்தானே ஆகவேண்டும். ஆனி மாதம் பிறந்தபோது அது பதினெட்டுக் கிலோவாகியிருந்தது.

அந்த மாதம்தான் தெற்கிலிருந்து கரிய மேகமொன்று வந்தது. இன்னும் வாரி எடுக்காத உப்பு பாத்திகளில் கிடந்தது. ஒரு மழை போதும், நாற்பது நாள் உழைப்பு கரைந்து ஓடிவிடும். ஆறு பேரும் கயிறு வீசிப் பிடித்தார்கள்.

“இந்த மாதிரி எத்தனையோ பாத்திருக்கேன்” என்றாள் ஞானப்பூ. குதிகால்கள் தரையை விட்டன. “பயப்பட ஒண்ணுமில்ல.” மடி அவிழ்ந்தது. கல்லொன்று பின்னால் நின்ற சுடலியின் காலில் விழுந்தது.

“யக்கா, ஒங்க கல்லு.”

“என் கல்லு இல்ல.” இன்னும் இரண்டு முழம் உயர்ந்தாள்.

சுடலி ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். “பால்துரை அண்ணாச்சியும் இப்படித்தான் போனாவ. இன்னும் ஒரு வார்த்த பேசினீயன்னா விட்டுருவேன். எனக்குக் கயிறு முக்கியம்.”

மேகம் பாத்திப் பக்கம் நகர்ந்தது. முதல் துளி உப்பில் விழுந்தது.

ஞானப்பூ கீழே பார்த்தாள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. ஐந்து பேர் மடியிலும் கல் இருந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவர்கள் “சரிக்கா” என்று சொல்லியிருந்தார்கள்.

“எனக்குத் தெரியல” என்றாள். ஒரு முழம் இறங்கினாள். “எந்தப் பக்கம் இழுக்கணும்னே தெரியல. பயமா இருக்கு.” கால் சேற்றில் பதிந்தது.

“எனக்குந்தான்” என்ற சுடலி கணுக்கால்வரை புதைந்தாள்.

“கிழக்க கயித்தக் கொஞ்சம் விட்டுக் குடுத்தா அதுவே திரும்பும்னு நாலு மாசமா நெனச்சுக்கிட்டிருக்கேன்” என்றான் கடைசியில் நின்ற அந்தோணி.

“ஏன்டே சொல்லல?” என்றாள் ஞானப்பூ.

“நீங்க கேக்கலையே.” அவன் முழங்கால்வரை போனான்.

விட்டுக் கொடுத்தார்கள். மேகம் திரும்பியது.

கலங்கரை விளக்கத்தில் அதைக் கட்டி முடித்ததும், பால்துரை தலையைத் துவட்டியபடி மேகத்திலிருந்து இறங்கி வந்தார். கயிற்றில் தன் இடம் எது என்று கேட்டார். கடைசி இடம் என்றாள் ஞானப்பூ. சரி என்றார்.

“மேல இன்னும் பதினேழு கங்காணி இருக்காவ. அவியளுக்கு இடம் இருக்கான்னு கேக்கச் சொன்னாவ.”

“தெரியல, அண்ணாச்சி” என்றாள் ஞானப்பூ. பதிவேட்டை வாங்கிப் பதினேழு கோடு போட்டாள். அந்தோணி கயிற்றை நீட்டிக் கட்டப் போனான்.