அஷீலின் நாக்கு

மாதா கோயிலில் காணிக்கை வரிசை பாதி நகர்ந்த பிறகுதான் லீவெ அந்த நினைவு அட்டையை ஒழுங்காகப் பார்த்தாள். சவப்பெட்டியைச் சுற்றி வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருந்தது. முன்பக்கம் அவள் புருஷன் அஷீலின் படமும் பிறந்த தேதியும் போன தேதியும், பின்பக்கம் ஒரு ஜெபம். படத்தில் அஷீல் பீர்க் கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். கழுத்தில் தங்கப் பதக்கம். இந்தப் படம் வேண்டாம், ஆற்றங்கரையில் சைக்கிளோடு நிற்கிறதைப் போடு என்று அவள் இரண்டு தடவை சொல்லியிருந்தாள். கொழுந்தன் ஃபிர்மின் கேட்கவில்லை. ஊருக்கே இந்த மூக்குதானே அண்ணி தெரியும் என்றுவிட்டான்.

ஊருக்கே தெரிந்த மூக்குதான். ஏழு வருஷமாக அந்த மூக்குக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை என்பது மட்டும் லீவெயைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன் அவர்கள் பீர்ப் பட்டறையில் பெரிய பீப்பாயைக் கழுவ ஏணியில் ஏறியவன் பின்மண்டை அடிபட விழுந்தான். மூன்று தையலோடு போயிற்று என்று எல்லோரும் நிம்மதியானார்கள். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் காப்பியைக் குடித்துவிட்டு, ஏன் வெந்நீர் கொடுக்கிறார்கள் என்று கேட்டான். லீவெ அவன் கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். நல்ல காப்பி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதது அன்றைக்குத்தான். வெளியே தெரிந்தால் நாம் ஒழிந்தோம், நீ குடித்துப் பார், நான் வெளியே போய்ச் சொல்லிக்கொள்கிறேன், உயிர் போனாலும் யாரிடமும் மூச்சு விடாதே என்றான். அவள் தலையாட்டினாள்.

அவர்கள் வீட்டுப் பழுப்பு பீர் அப்படிப்பட்டது. ஓக் மரப் பீப்பாயில் இரண்டு வருஷம் கிடந்து புளித்ததையும், போன மாசம் காய்ச்சிய இனிப்பானதையும் கலக்க வேண்டும். எதில் எவ்வளவு என்று எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஒரு பீப்பாய் மாதிரி இன்னொன்று இருக்காது. போன தடவை நல்லபிள்ளையாக இருந்தது இந்தத் தடவை காலை வாரிவிடும். நாக்கும் மூக்கும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைதோறும் புருஷனும் பெண்டாட்டியும் நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அவள் குடித்துப் பார்த்துச் சொல்வாள், அவன் எழுதிக்கொள்வான். பிறகு வெளியே வந்து வேலைக்காரர்கள் முன்னால் கோப்பையை ஆட்டி, மோந்து, யோசித்து, அவள் சொன்னதையே சொல்வான். பதக்கம் வாங்கிய பீரும் அப்படி வந்ததுதான். மேடையில் அவன் குனிந்து பதக்கத்தை வாங்கியபோது லீவெ கீழே அவன் கோட்டை வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்து அதைக் கழற்றி அவள் கழுத்தில்தான் போட்டான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் நாலு சுவருக்குள் போட்டான். நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் அவளுக்கு இப்போதும் இருந்தது. பெட்டிக்குள் கிடக்கிறவன்மேல் இவ்வளவு கோபம் வருமா என்று அவளுக்கே ஆச்சரியம்.

காலையில் பூசைக்குக் கிளம்புமுன் நிலவறை மேஸ்திரி ரெமி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றிருந்தான். இருபத்தாறு வருஷமாக இங்கே வேலை செய்கிறவன். கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அம்மா என்று கெஞ்சினான். பட்டறையில் ஃபிர்மினுக்குப் பாதி, இவளுக்குப் பாதி. இவள் கையெழுத்து இல்லாமல் பெரிய கம்பெனிக்கு விற்க முடியாது. கம்பெனிக்காரர்கள் வேலைக்காரர்கள் ஆறு பேருக்கும் பாட்டில் அடைக்கிற வேலை தருகிறார்களாம். விற்காவிட்டால் என்ன ஆகும், கலக்க யார் இருக்கிறார்கள், அஷீல் இல்லாத பீரை எவன் வாங்குவான் என்று கேட்டான். ஒன்று கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வாயைத் திறக்க வேண்டும். வாயைத் திறந்தால் அஷீலின் பேர் அவன் சாவன்றே சந்தி சிரிக்கும். அவள் கறுப்புக் கையுறையைத் தேடப் போனாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு பட்டறைக் கூடத்துக்கு வந்தார்கள். நீள மேசையில் பன்றித்தொடை வைத்த ரொட்டி, பாலாடைக்கட்டி, கிஸ்மிஸ் ரொட்டி, காப்பி. காணிக்கை போட்ட கையோடு கோயிலுக்கு எதிரே இருந்த மதுக்கடைக்கு நழுவிய ஆம்பிளைகளும் சாப்பாட்டுக்குச் சரியாக வந்துவிட்டார்கள். ஃபிர்மின் தன் பக்கத்தில் ஒரு கனவானை உட்கார வைத்திருந்தான். பேர் லவார்ட். கம்பெனியில் குடித்துப் பார்த்துத் தரம் சொல்கிறவர். சாவு வீட்டுக்கு அவரை யார் கூப்பிட்டார்கள் என்று லீவெ கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

ரொட்டி பாதி தீர்ந்தபோது ஃபிர்மின் நிலவறைக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்தான். லேபிள் இல்லாத பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் அஷீலின் முதலெழுத்து. மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததாம். ஊருக்கு விற்காமல் தனக்கென்று வைத்துக்கொண்டானே, அப்படியென்றால் அவன் கலந்ததிலேயே உசத்தி இதுவாகத்தான் இருக்கும் என்று சொல்லிச் சொல்லித் திறந்தான். ரெமி ஒரு சொட்டு சிந்தாமல் எல்லோருக்கும் ஊற்றினான்.

லீவெக்கு இது என்னவென்று தெரியும். நாலு வருஷத்துக்கு முன் அவள் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தபோது அஷீல் யாருக்கும் தெரியாமல் வீம்பாகத் தனியே கலந்தது. பழைய கணக்கை வைத்துக்கொண்டு கலந்திருந்தான். எழுந்து வந்து ஒரு வாய் குடித்தவள், சாக்கடையில் கொட்டு என்றாள். கொட்டிவிட்டேன் என்றுதான் அவனும் சொன்னான்.

எல்லோரும் குடித்தார்கள். பிறகு லவார்ட் கண்ணை மூடிக்கொண்டு, பழுத்த பிளம், பழைய மரம், என்ன ஒரு துணிச்சல் என்றார். அவ்வளவுதான், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் பெண்டாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கமா புளிப்பா, அவளைத்தான் கேட்க வேண்டும். லீவெயும் ஒரு வாய் எடுத்தாள். வினிகரும் நகப்பூச்சு வாடையும்தான் இருந்தன, அடியில் வேறொன்றும் இல்லை. நாலு வருஷத்தில் இன்னும் கெட்டிருந்தது.

ஃபிர்மின் எழுந்து கோப்பையை உயர்த்தினான். இப்படி ஒரு நாக்கு இந்த மண்ணில் இனிப் பிறக்காது, அந்த நாக்கோடு இந்தப் பட்டறையும் முடிந்தது, ஆகவே குடும்பமாக உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்திருக்கிறோம் என்றான்.

"எந்தக் குடும்பம், ஃபிர்மின்?"

"அண்ணி, அத அப்புறம் பேசிக்கலாம்."

"இப்பவே பேசிடலாம். இது கெட்டுப்போன பீர்."

லீவெ எழுந்து நின்றாள்.

"இது உங்க அண்ணன் கலந்தது. ஏணியிலேருந்து விழுந்ததுக்கப்புறம் இது ஒண்ணுதான் அவர் கலந்தது. மீதி ஏழு வருஷமும் நான் கலந்தேன். அவருக்கு வாசனையே தெரியாது."

ஃபிர்மின் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். துக்கத்தில் பேசுகிறாள், தூங்கி மூணு நாள் ஆயிற்று, யாராவது காப்பி கொடுங்கள் என்றான். லீவெ அவனை விட்டுவிட்டு லவார்ட் பக்கம் திரும்பினாள்.

"குடிச்சுப் பாக்கறதுதான உங்க பொழப்பு? அஷீல் பேர மறந்துட்டு இன்னொரு வாய் குடிங்க."

அவர் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். விழுங்கிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். ஃபிர்மின் முகத்தைப் பார்க்கவில்லை.

"வினிகர்," என்றார்.

ஃபிர்மினுக்குக் கழுத்து சிவந்தது. "செத்தவன இன்னொரு தடவ கொல்றீங்களே அண்ணி. வெக்கமா இல்ல?"

"ஏழு வருஷம் அவர உயிரோட வச்சிருந்தவ நான். பெட்டி குழிக்குள்ள இறங்கற வரைக்கும் வாக்கக் காப்பாத்தினேன். அதுக்கு மேல முடியாது. என் கையெழுத்து கிடையாது."

ரெமி பாட்டிலும் கையுமாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். எதையோ கணக்குப் பார்ப்பதுபோல அவன் உதடு அசைந்தது.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்ப, மூணு வாரம் கலக்கவே இல்ல," என்றான் மெதுவாக. "பம்பு ரிப்பேருன்னாரு. பம்பு நல்லாத்தான் ஓடுச்சு. நான்தான எண்ணெய் போட்டேன்."

ரெமி பாட்டிலை மேசைமேல் வைத்தான்.

"வியாழக்கிழமை எந்தப் பீப்பாய எடுக்கணும்?"

"ஒம்பதும் ரெண்டும். நாலாவத வசந்தம் வரைக்கும் தொடாத."

அவன் தலையை ஆட்டினான். மேசையின் கடைசியில் இருந்த மற்ற ஐந்து பேரும் அவனைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். ஃபிர்மின் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். லவார்ட் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அவளிடம் வந்து கைகொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனார்.

அதற்குப் பிறகு அந்தப் பீரை ஒருவரும் தொடவில்லை. ரொட்டிக் கடைக்காரர் பெண்டாட்டி தன் கோப்பையை மெல்ல நகர்த்திக் காப்பிக் குடுவைக்குப் பின்னால் வைத்தாள். மற்றவர்களும் அப்படியே ஒவ்வொருவராகத் தள்ளி வைத்தார்கள். சற்று முன்பு பிளம் என்றவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். மேசை நெடுகப் பழுப்புக் கோப்பைகள் பாதி நிறைந்தபடி நின்றன.

லீவெ தன் கோப்பையை எடுத்தாள். கண்ணை மூடாமல், முகத்தைச் சுளிக்காமல், ஒரே மூச்சில் அடிவரைக்கும் குடித்தாள். தொண்டை எரிந்தது. காலிக் கோப்பையை ரெமியிடம் நீட்டினாள்.

"இதையா அம்மா?"

"இதத்தான். அவர் கலந்தது. ஊத்து."

அவன் ஊற்றி முடிக்கிறவரை கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.