உறையாத டப்பா

மாமனாரைக் குழிக்குள் இறக்கிவிட்டு வந்த டேரில், மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் காபிக் கூஜாவைத் தூக்கிக்கொண்டு கூடத்தில் சுற்றத் தொடங்கினான். கையில் வேலை இருந்தால் யாரும் நிறுத்திப் பேசமாட்டார்கள் என்று நினைத்திருந்தான். அது பலிக்கவில்லை. மருமகனை ஒரு தடவை கட்டிப்பிடிக்காமல் எவரும் கோப்பையை நீட்டவில்லை.

சுப்பீரியர் ஏரிக்கரையில் இருந்த அந்தச் சின்னத் துறையில் நாற்பது வருஷமாகப் படகுகளைக் குளிருக்கு ஆயத்தம் செய்தவர் ரெய்னோ மக்கி. எஞ்சினுக்குள் தங்கிய தண்ணீர் உறைந்தால் இரும்பே பிளந்துவிடும். அதனால் தண்ணீரை வடித்துவிட்டு ஆன்டிஃப்ரீஸ் ஊற்றவேண்டும். துறையில் அதற்கு மருந்து என்றுதான் பெயர். பச்சை மருந்தை ரெய்னோ தொடவே மாட்டார். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும் என்பார். இளஞ்சிவப்புதான் ஊற்றுவார். அதிலும் படகின் குடிநீர்க் குழாய்க்கு மைனஸ் ஐம்பது டிகிரி ரகம், எஞ்சினுக்கு மைனஸ் நூறு. கேனில் மைனஸ் ஐம்பது என்று போட்டிருப்பது குழாய் வெடிக்கிற குளிர்; மருந்து அதற்கு வெகு முன்பே உறையத் தொடங்கிவிடும். உள்ளே மிச்சத் தண்ணீர் கலந்தால் அதுவும் செல்லாது. இதைக் கேட்டுக் கேட்டு டேரிலுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

மேஜைத் தலைப்பில் உட்கார்ந்திருந்த ஆர்னி எழுந்தார். துறையிலேயே பெரிய படகு, 'வயோலா', அவருடையது.

"ரெய்னோவப் பத்தி ஒண்ணு சொல்லணும். நாப்பது வருஷத்துல ஒரே ஒரு எஞ்சின்தான் அவன் கையால போச்சு. அது என்னோடது. வயசாச்சு, கை தவறிடுச்சு. அதுக்கு ஈடா தன் படகு எஞ்சினையே கழட்டிக் குடுத்தான் மனுஷன். நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

பலர் தலையாட்டினார்கள். பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டேரில் ஊற்றிக்கொண்டிருந்த காபி கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது.

அந்த எஞ்சினை உடைத்தவன் டேரில்தான்.

போன வருஷம் நவம்பர் பதினாலு. ரெய்னோ மூச்சுத்திணறலோடு படுத்திருந்தார். மிச்சமிருந்தது 'வயோலா' ஒன்றுதான். அதை முடிக்கச் சொல்லி மருமகனை அனுப்பினார். மறுநாள் பொழுது விடிந்தால் மான் வேட்டை தொடக்கம். ஊரில் ஆண்பிள்ளைகள் யாரும் வேலையில் இருக்கமாட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. கூட்டாளிகள் காட்டுக் குடிசைக்குப் போய் அடுப்பு மூட்டியாயிற்று. கடையில் நூறு தீர்ந்திருந்தது. பக்கத்து ஊருக்குப் பனியில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் கிடைக்கும். டேரில் கடை வாசலில் அடுக்கியிருந்த ஐம்பது ரகத்தில் மூன்று கேன் வாங்கினான். விரல் மரத்துப்போனதால் தண்ணீரை வடிக்கிற அடித்திருகையும் கழற்றவில்லை. தண்ணீர் உள்ளே இருக்க, மேலேயே ஊற்றினான். படகின் பின்குழாய் வழியே வெளியே வந்தது இளஞ்சிவப்பாக இல்லை, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

அதோடு விட்டிருந்தாலாவது சோம்பேறித்தனம் என்று போயிருக்கும். ரெய்னோவிடம் ஒரு வழக்கம் இருந்தது. எஞ்சினிலிருந்து வெளியே வருவதைக் காலித் தயிர் டப்பாவில் பிடித்து, மூடியில் படகின் பெயரை எழுதி, கொட்டகையில் மீனும் மானிறைச்சியும் வைக்கிற உறைபெட்டியில் ஒரு ராத்திரி வைப்பார். காலையில் உள்ளே தளும்பினால் சரி, உறைந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து. டேரில் கொட்டகையில் அடியில் கொஞ்சம் மீந்திருந்த பழைய நூறு கேனிலிருந்து நேராக டப்பாவில் ஊற்றி, 'வயோலா, நவம்பர் 14' என்று எழுதி வைத்துவிட்டு வேட்டைக்குப் போய்விட்டான். ரெய்னோ காலையில் டப்பாவை ஆட்டிப் பார்த்திருப்பார், திருப்தியாகத் திரும்பிப் படுத்திருப்பார்.

மே மாதம் படகை ஏரியில் இறக்கியபோது எஞ்சின் ஆயில் தண்ணீர் கலந்து பால் காபி நிறத்தில் வந்தது. இரும்பு பிளந்திருந்தது. ஆர்னி வந்து ரெய்னோ வீட்டு வாசலில் கத்தியபோது ரெய்னோ மருமகன் பக்கம் திரும்பவே இல்லை. தப்பு தன்னுடையது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அன்று சாப்பிடும்போது டேரிலின் மனைவி கார்லா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலைன்னா விட்டுடணும்ப்பா. ஊரே சிரிக்குது."

"ஆமாம்மா. விட்டுடறேன்" என்றார் ரெய்னோ. உருளைக்கிழங்குத் தட்டை மருமகன் பக்கம் நகர்த்தி வைத்தார். டேரில் எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். இந்த இலையுதிர்காலத்தில் ஒருவர்கூடப் படகை ரெய்னோவிடம் கொண்டுவரவில்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து துறையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று டேரிலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கேட்கத்தான் துணிவு வரவில்லை.

இப்போது ஆர்னி அவன் முழங்கையைப் பிடித்தார்.

"டேரில், வேட்டைக்கு முன்னால வயோலாவ நீதான் முடிச்சுத் தரணும். எளந்தாரி நீ, உன் கை தவறாது."

அவன் தலையாட்டிவிட்டான். தலை தானாக ஆடியது. கார்லா கூப்பிட்டு, ஏலக்காய் ரொட்டி தீர்ந்துவிட்டது, உறைபெட்டியில் அப்பா வைத்தது இரண்டு இருக்கும் என்று சொல்ல, தப்பித்தோம் பிழைத்தோம் என்று கொட்டகைக்குப் போனான்.

ரொட்டி அடியில் இருந்தது. மீன் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தான். எல்லாம் கல்லாக இருந்தன. மூலையில் ஒரு தயிர் டப்பா. எடுத்தான். உள்ளே தளும்பியது.

மூடியில் அவன் எழுத்து: 'வயோலா, நவம்பர் 14'. அதன் கீழே ரெய்னோவின் கோணல் எழுத்து: 'மே 9. உறையவில்லை.'

மே ஒன்பதுதான் ஆர்னி வாசலில் கத்திய நாள். அன்றே கிழவர் இங்கே வந்து டப்பாவை எடுத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். டேரில் உறைபெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரும் இல்லாத இடத்தில்கூட அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டால் முடிந்தது. குப்பைத்தொட்டி காலடியில்தான் இருந்தது.

அவன் ரொட்டியை ஒரு கையிலும் டப்பாவை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். ரொட்டியைக் கார்லாவிடம் கொடுத்தான். டப்பாவை ஆர்னியின் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தான்.

ஆர்னி மூடியைப் படித்தார். ரெய்னோவின் வழக்கம் துறையில் எல்லோருக்கும் தெரியும். டப்பாவைச் சாய்த்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு இது. அப்பறம் எஞ்சின் எப்படிப் பொளந்துச்சு?"

"இது எஞ்சின்லேர்ந்து வந்ததில்ல" என்றான் டேரில். "கொட்டகையில இருந்த நூறு. நான்தான் ஊத்தி வெச்சேன். எஞ்சினுக்கு ஐம்பதுதான் போட்டேன், தண்ணியக்கூட வடிக்கல. மாமா அன்னிக்குப் படுக்கையவிட்டே எழுந்திரிக்கல."

உறைந்த ரொட்டியில் கத்தியை வைத்திருந்த கார்லா அதை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஆர்னியின் கையிலிருந்து டப்பாவை வாங்கி மூடியைப் படித்தாள். அப்பாவின் எழுத்தின்மேல் படிந்திருந்த பனியைக் கட்டைவிரலால் துடைத்தாள். கணவனைப் பார்க்காமல் டப்பாவை எடுத்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனாள். உறைபெட்டியின் மூடி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி வரவில்லை.

டேரில் காபிக் கூஜாவை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான். எவரும் கோப்பையை நீட்டவில்லை.