பின்சீட்டுக் குண்டான்

கஸ்பாருக்கு ஆபீஸில் டைப்ரைட்டர் கையில் கிடைத்ததிலிருந்து திமிர் தாங்கவில்லை. வேளாங்கண்ணிக்கு வேன் பிடித்திருக்கிறான், சரி. நாலு நாளைக்கு என்ன தின்பது என்பதைக்கூட டைப் அடித்து, கார்பன் வைத்து நாலு காப்பி எடுத்து வந்திருந்தான். முதல் நாள் இரவு சேலத்தில் பரோட்டா. இரண்டாம் நாள் மதியம் கோழி வறுவல், பிரெட். மூன்றாம் நாள் பிரெட், ஜாம். தின்கிற சோற்றுக்குக் காப்பி எடுத்த மனுஷனை லூர்து மேரி அன்றுதான் பார்த்தாள்.

"வழியில சமையலே கெடையாதுங்க அண்ணி. அதனால உங்க சீட்டுல பிரெட் அடுக்கின ட்ரங்குப் பெட்டிய வெச்சுக்கறோம். நீங்க அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றான்.

போன வருஷம் அவள் புருஷன் வியாகுலம், இந்தக் கஸ்பாருக்குக் கூடப்பிறந்த அண்ணன், கிணறு வெட்டும்போது விழுந்து பிழைத்தான். அப்போது, மாதா கோயிலுக்கு முழங்காலில் நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவள் அவள். வழியெல்லாம் அடுப்பு மூட்டிப் பதினாலு பேருக்கும் ஆக்கிப்போடுவதாகச் சொல்லித்தான் அந்தப் பின்சீட்டையே வாங்கியிருந்தாள். இப்போது அதில் ரொட்டி உட்காருமாம். அவள் இங்கே ஊரில், கடத்தூரில், மாட்டுக்குத் தண்ணி காட்டவேண்டுமாம். தூ!

வியாழக்கிழமை காலை கஸ்பார் வீட்டில் ஆறு கோழி எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. அவன் பெண்டாட்டி ராஜமேரி கிளறிக்கொண்டிருந்தாள். லூர்து மேரி எட்டிப் பார்த்தாள்.

"இத எப்பத் தின்னப்போறீங்க, ராஜம்?"

"நாளைக்கு மத்தியானம்க்கா."

"நாளைக்கு என்ன கெழம?"

கரண்டி நின்றது. "ஐயோ மாதாவே, வெள்ளிக்கெழம!" என்று ராஜமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கவிச்சியைத் தொடாத குடும்பம். அதுவும் மாதாவைப் பார்க்கப் போகிற வழியில் ஆறு கோழி! நாலு காப்பி எடுத்தவனுக்கு ஒன்றிலாவது கிழமை போடத் தெரியவில்லை. பெரிய ஆபீஸர்!

கஸ்பார் ஓடி வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. வெட்கம் மட்டும் வரவில்லை.

"அண்ணி, புளிச்சோறு கெடாதில்லீங்க? கொஞ்சம் கிண்டிக் குடுத்துடுங்க."

கிண்டினாள். நல்லெண்ணெய் மிதக்க, நிலக்கடலை போட்டு, பெரிய குண்டான் நிறையக் கிண்டினாள். இனி சீட்டு தனக்குத்தான் என்று நம்பி, பையில் இரண்டு சேலையும் எடுத்து வைத்தாள். கோழியை மத்தியானத்துக்குள் தெருவே தின்று தீர்த்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரும் வேனில் ஏறிவிட்டார்கள். கஸ்பார் ட்ரங்குப் பெட்டியைக் காலடிக்குத் தள்ளிவிட்டு, பின்சீட்டில் குண்டானைத் தூக்கி வைத்தான். நல்ல வாகாக உட்கார்ந்துவிட்டது என்று ஒரு தட்டு வேறு தட்டினான்.

"நீங்க வூட்டுக்குப் போங்க அண்ணி. நேரமாச்சு."

லூர்து மேரி அவனை ஒதுக்கிவிட்டு ஏறினாள். குண்டானைத் தூக்கி, அந்த இடத்தில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள். சூடு சேலைக்குள் இறங்கியது.

"எறக்கறதுன்னா ரெண்டையும் சேத்து எறக்குடா," என்றாள்.

அதுவரை அவனை அவள் 'டா' போட்டதில்லை. ராஜமேரிதான், "வண்டிய எடுங்க டிரைவர்," என்றாள்.

தொடை காந்தியது. ஆனாலும் சேலம் தாண்டும்வரை லூர்து மேரி குண்டானைக் கீழே வைக்கவில்லை. அசந்தால் அவளை வழியில் விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் கொண்டுபோகிற ஆள்தான் அவன்.