கூட நடந்தவர் இளைத்தார்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் தானியேலும் கிருபாராணியும் மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். ஓடியாடிச் சாமான் எடுத்துக் கொடுப்பது தானியேல். கல்லாவில் உட்கார்ந்திருப்பது கிருபாராணி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து, அவள் உடம்பு கொஞ்சங்கொஞ்சமாக அகன்றுபோயிருந்தது. நாற்பத்தெட்டு வயதில் முழங்கால் பிடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறினால் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினாள்.

டாக்டர் முத்துப்பிரியா ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இன்னும் வரலக்கா, வாசல்ல வந்து நிக்குது. மாத்திரை இப்ப வேண்டாம். சோத்தக் கொறைங்க, காய் நெறையச் சேருங்க, தெனமும் நடங்க. எடை கொறஞ்சா முழங்கால் வலியும் கொறையும்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கிருபாராணி பையைத் தூக்கி மூலையில் போட்டாள். தானியேல்தான் பேச்சை எடுத்தார்.

"இதுக்குப் போயி ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? நானும் கூட நடக்குறேன். நீ என்ன திங்கிறியோ அதத்தான் நானும் திம்பேன். ரெண்டு பேரும் சேந்தே எளைப்போம்."

மறுநாளே ஆரம்பித்துவிட்டார்கள். விடிந்தும் விடியாமல் தேவாரம் ரோட்டில் இறங்கி, ராசிங்காபுரம் பக்கமாக நடப்பார்கள். மேற்கே மலை மேகத்துக்குள் கிடக்கும். தானியேல் வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் நின்று பேசுவார். கிருபாராணி நிற்கமாட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதோ சோலியாகப் போகிறவளைப் போல நடப்பாள். வீட்டில் சோறு ஒரு கரண்டியானது. கீரையும் அவரைக்காயும் தட்டை நிறைத்தன. சாயங்கால மிக்சரும் காப்பிக்குச் சீனியும் நின்றுபோயின. கடைக்குள்ளேயே சேவு டின்னும் கடலை மிட்டாய் பாட்டிலும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. அவள் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

மூன்று மாதம் கழித்து எடை பார்த்தார்கள். தானியேல் ஏழு கிலோ குறைந்திருந்தார். அவளுக்கு ஒன்றரைக் கிலோதான் குறைந்திருந்தது.

மிஷின் கோளாறு என்று நினைத்து, அரிசி நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள். அதுவும் அதையேதான் காட்டியது.

கடைக்கு வருகிறவர்களுக்கு வேறு பேச்சே இல்லை. "அண்ணே, பத்து வயசு கொறஞ்சு போச்சுண்ணே உங்களுக்கு!" என்றாள் பூக்கட்டும் முனீஸ்வரி. பிறகு கல்லாப்பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களும் அண்ணங்கூடப் போயி நடக்க வேண்டியதுதான?" என்றாள்.

கிருபாராணி மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பினாள். அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது கண் கலங்கிவிட்டது. டாக்டர் நடக்கச் சொன்னது அவளையா, அவரையா? வாயைக் கட்டியது யார்? நோய் யாருக்கு, குறைந்தது யாருக்கு? மறுநாள் காலையில் தானியேல் செருப்பை மாட்டிக்கொண்டு, "வெரசா வா ராணி, வெயில் வந்துரும்" என்று கூப்பிட்டார்.

"நீங்க போங்க. எளைக்கிறவுக போயி நடங்க. எனக்கு முடியல."

அவர் மாட்டிய செருப்பைக் கழற்றினார். அவரும் போகவில்லை.

அதற்கடுத்த வாரங்களில் ஒரு விஷயத்தைக் கிருபாராணி கவனித்தாள். மத்தியானம் கடையில் கூட்டம் குறைகிற நேரத்தில் தானியேல் "இந்தா வந்துர்றேன்" என்று வெளியே போவார். அரை மணி நேரம் கழித்து வருவார். வந்தால் வீட்டுச் சாப்பாட்டைப் பாதிகூட உண்ணமாட்டார். தொளதொளத்துக்கொண்டிருந்த சட்டை மறுபடியும் வயிற்றில் பிடிக்கத் தொடங்கியது. ஒருநாள் கடையைப் பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே போனாள்.

சோலைமலையின் புரோட்டாக் கடையில், கடைசி மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இலையில் நாலு புரோட்டா சால்னாவில் ஊறிக்கொண்டிருந்தது. அவர் அதை ரசித்துச் சாப்பிடவில்லை. கஷாயம் குடிக்கிற பிள்ளையைப்போல முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

தானியேல் திடுக்கிட்டுத் திரும்பினார். வாயில் புரோட்டா. மென்று விழுங்க நேரமானது.

"ஒண்ணுமில்ல ராணி."

"ஒண்ணுமில்லையா? நாலு இருக்கு!"

சோலைமலை கல்லில் எண்ணெய் விட்டபடியே சிரித்தான். "அண்ணே தெனமும் வந்து, வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே திங்கிறாருக்கா."

தானியேல் தலையைக் குனிந்துகொண்டார். "நான் எளைச்சுப் போனதப் பாத்துத்தான நீ நடக்கிறத விட்ட? பழையபடி ஆயிட்டேன்னா மறுபடி கெளம்புவன்னு நெனச்சேன்."

கிருபாராணிக்குக் கோபம் வந்த வேகத்திலேயே சிரிப்பும் வந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது.

"நீங்க கொழுத்தா நான் எளைச்சிருவேனா? கிறுக்கா ஒங்களுக்கு? ரெண்டு பேருமா சேந்து ஆசுபத்திரியில படுக்கவா? எந்திரிங்க."

மறுநாள் இருவரும் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்கள். முத்துப்பிரியா தானியேலின் புரோட்டாக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, புதிதாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு கிருபாராணியிடம் பொறுமையாகப் பேசினாள்.

"ஆம்பளைங்களுக்குச் சதை கூட இருக்கும்கா. ஆரம்பத்துல வெரசா எறங்கும். உங்களுக்கு இது மாசவிலக்கு நிக்கிற வயசு, மெதுவாத்தான் எறங்கும். அது உங்க தப்பு இல்ல. ஆனா சர்க்கரையப் பாருங்க, எவ்வளவு கொறஞ்சிருக்கு! எடைய மட்டும் பாத்துட்டு இத விட்டுட்டீங்களே." பிறகு கேட்டாள்: "முட்டை, மீன், பயறெல்லாம் சாப்பிடுறீங்கள்ல?"

கிருபாராணி தயங்கினாள். "அவுகளுக்கு வச்சிருவேன்."

"உனக்குன்னு எடுத்து வைக்கலயா?" தானியேல் அதிர்ந்து போனார். "தெனமும் ரெண்டு முட்டை வச்சியே! ஒண்ணு உன்னோடதா?"

அன்றிலிருந்து அவர் சாப்பிட உட்கார்ந்ததும் முதல் வேலையாக அவள் தட்டைப் பார்த்தார். முட்டை இல்லையென்றால் தன் சாப்பாட்டைத் தொடமாட்டார். டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தாள்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும், தொடைக்கு வலு வரும். கிருபாராணி கல்லாவிலேயே அதைச் செய்தாள். முதல் வாரம் முனீஸ்வரி, "என்னக்கா, நாற்காலியில மூட்டைப்பூச்சியா?" என்று கேட்டாள்.

எடை மெதுவாகத்தான் இறங்கியது. சில மாதம் அசையவே இல்லை. அவள் நடப்பதை நிறுத்தவில்லை. ஆடிக் காற்று எதிரே நின்று தள்ளினாலும் நடந்தாள்.

வருஷம் திரும்பியபோது, போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் இருக்கும் தானியேலின் தங்கை ஜெயபாக்கியத்தின் பேரனுக்கு ஞானஸ்நானம். முன்பு அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, கிருபாராணி வீட்டுக்கு ஏறுகிற சரிவில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு ஆட்கள் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப்பிறகு அவள் அந்த வீட்டுக்குப் போனதே இல்லை.

இந்தத் தடவை மழையில் பாதை சேறாகி, ஜீப்பு சரிவுக்கு வெகு கீழேயே நின்றுவிட்டது. டிரைவர் கையை விரித்தான். தானியேல் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"நீ ஜீப்புலயே இரு ராணி. நான் போயி ஆளக் கூட்டிட்டு வர்றேன்."

"ஆளு எதுக்கு?"

சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஏலச்செடிகளுக்கு நடுவே பாதை வழுக்கியது. நிழல்மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள், பிறகு ஏறினாள். முழங்கால் வலிக்கத்தான் செய்தது, ஆனால் தாங்கியது. வாசலில் நின்ற ஜெயபாக்கியம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"மதினி! யார் கூட்டியாந்தா?"

"யாரும் கூட்டியாரல. நடந்துதான் வந்தேன்" என்றாள் கிருபாராணி. ஜெயபாக்கியம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆலயத்தில் ஜெபம் முடிந்து, எல்லாரும் சாப்பிட்டார்கள். கிருபாராணியும் ஒரு தட்டு பிரியாணி நிம்மதியாகச் சாப்பிட்டாள். மேலே, பாறைக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட மிளகுக்கொடியைக் காட்டவேண்டும் என்று ஜெயபாக்கியம் கூப்பிட்டாள்.

தானியேல் பிரியாணி தின்ற மயக்கத்தில் சுவரில் சாய்ந்தார். "என்னால இனி ஒரு எட்டு வைக்க முடியாது பாக்கியம். உன் மதினியக் கூட்டிட்டுப் போ."

கிருபாராணி அப்போதே எழுந்து நின்றிருந்தாள்.