ஷைனாவுக்காகத் திறந்த பள்ளிக்கூடம்

ஞாயிறு பூசை முடிந்து, அமெரிக்காவில் எங்கள் ஜெர்சி சிட்டி வீட்டில் நான் பிரியாணிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தபோது என் கணவர் தாமஸின் போனில் வீடியோ கால் வந்தது. எடுத்தவர் பேயறைந்ததுபோல் நின்றார். எட்டிப் பார்த்தேன். திரையில் ஓர் ஊரே கையாட்டிக்கொண்டிருந்தது.

இத்தாலியில் மலைமேல் இருக்கும் குட்டி ஊர். போன கோடையில் சுற்றிப் பார்க்கப் போனபோது கார் டயர் வெடித்து அங்கே மாட்டிக்கொண்டோம். இளசுகள் எல்லாம் பிழைப்புத் தேடிப் போய்விட, மிச்சம் இருந்தது வயசானவர்கள்தான். ஊர்த் தலைவி அசுந்தா ஆன்ட்டி எங்களை எழுந்திருக்கவே விடாமல் சாப்பிடவைத்தார். "காலி வீடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, பிள்ளைதான் இல்ல. இங்கேயே வந்துடுங்களேன்" என்று போனில் மொழிபெயர்த்துக் கேட்டார். எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் நாம் சொல்வோமே, அதேபோல தாமஸ் வாய் நிறையச் சொன்னார்: "கண்டிப்பா வந்துடுறோம் ஆன்ட்டி!"

அதோடு விட்டாரா? அப்புறம் வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார் மனுஷன்.

இப்போது எங்களுக்காக ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்தாயிற்று. நகரத்திலிருந்து டீச்சரும் வந்தாயிற்று. அந்தப் பெண்தான் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். ஒரு பெஞ்சில் எங்கள் மகள் ஷைனாவின் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். செப்டம்பரில் ஒரு பிள்ளையாவது சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்களாம். அப்புறம் பஸ்ஸும் நின்றுவிடுமாம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஏங்க, என்னங்க இது?"

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன் ரெபெக்கா. நீயே பேசி மேனேஜ் பண்ணேன்."

"வாய் உங்களுது, மேனேஜ் பண்றது நானா?"

"வெயிட், ஐ ஹேவ் மை ஓன் டெஸ்க்?" என்று ஷைனா குதித்தாள்.

போனைப் பிடுங்கினேன். "மன்னிச்சுடுங்க ஆன்ட்டி. கிளம்பும்போது அப்படிச் சொல்றது எங்க வழக்கம். நாங்க வர்றதா இல்ல" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

டீச்சர் அதைச் சொன்னதும் கையாட்டிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். அசுந்தா ஆன்ட்டி மட்டும் சிரித்தார்.

"எனக்குத் தெரியும்மா. என் பசங்களும் அப்படிச் சொல்லிட்டுத்தான் போனாங்க. ஆனாலும் யாரோ வர்றாங்கன்னு ஊரே ஒண்ணா சேர்ந்து வேலை செஞ்சோம் பாரு, அது போதும்."

எனக்கு நெஞ்சில் குத்தியதுபோல் இருந்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் எதிர் வீட்டுக்காரர் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை.

"ஏங்க, ஒரு வருஷம் ரிமோட்ல வேலை செய்ய உங்க மேனேஜர் ஓகே சொல்வாரா?"

கேட்டது நான்தான். தாமஸ் வாயைப் பிளந்தார். அவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. நான் சுதாரிப்பதற்குள் ஷைனா அதை ஆங்கிலத்தில் டீச்சரிடம் போட்டு உடைத்துவிட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அசுந்தா ஆன்ட்டி முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.