மூச்சு விடாத குரல்

"இது மெஷின் குரல்" என்று மஹிமா சொன்னபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. எப்படிப் பேசுவார்கள்? அந்தக் குழுவில் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

பல்கலைக்கழக இதழியல் மாணவர்கள் நடத்தும் குழு அது. வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் நிஜமா, செயற்கை நுண்ணறிவு தயாரித்த பொய்யா என்று ஆராய்ந்து தங்கள் இணையப் பக்கத்தில் போடுவார்கள். அன்று வந்தது ஒரு தமிழ் ஆடியோ. துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் ஒரு கிடங்கின் பின்னால் குடியிருக்கும் கூலிக்காரர்களுக்கு ஒரு பெண் சொல்கிறாள்: பின்சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது, அங்கே யாரும் படுக்காதீர்கள்.

மஹிமாவின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். வீட்டில் பேசும் கும்பகோணத்துத் தமிழைத் தவிர அவள் வேறு தமிழ் அதிகம் கேட்டதில்லை.

"பாதி பெங்காலி, மீதி என்ன தமிழோ! நடுவுல மூச்சே விடலை, ஒரு தடுமாற்றம் இல்லை. மனுஷா யாரும் இப்படிப் பேச மாட்டா." தனக்கே தமிழில் சொல்லிக்கொண்டவள், மற்றவர்களுக்கு அதை வங்க மொழியில் சொன்னாள்.

"இன்னொரு தமிழரிடம் கேட்டுப் பார்க்கலாமே?" என்றாள் குழுவில் இருந்த துர்பா, வங்க மொழியில்.

"தமிழ் எனக்குத் தெரியாதா?"

இணையப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'போலி' என்று ஏறியது. பாராட்டுகள் குவிந்தன.

அடுத்த வாரம் மழையில் அந்தச் சுவர் விழுந்தது. துர்பா போனில் சொன்னாள். உயிர்ச்சேதம் இல்லை. கோபு என்ற மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு மட்டும் கால் நசுங்கிவிட்டது. ஆடியோவில் பேசியவள் அவர் மனைவி கிருஷ்ணம்மாள்.

மஹிமா இணையப் பக்கத்தில் திருத்தம் போட்டாள். மன்னிப்பும் கேட்டு எழுதினாள். நெஞ்சில் தைத்த முள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அந்த ஆடியோ பொய்னு போட்டது நான்தான்" என்றாள், தலை நிமிராமல்.

கிருஷ்ணம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா? ஒங்க பக்கத்தப் பாத்துட்டு எல்லாரும் சிரிச்சாவ. கிருஷ்ணம்மா மிஷினாயிட்டான்னு. எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டேதான் போயிப் படுத்தாரு."

"நீங்க... நடுவுல நிறுத்தவே இல்லையே. அதான்..."

"திக்கிப் பேசுனா பயந்து ஒளறுதான்னு நெனப்பாவல்லா? அதான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகிட்டுப் பேசுனேன்."

மஹிமா போனை எடுத்து நீட்டினாள். "திருத்தம் போட்டுட்டேன். மன்னிப்பும்..."

"அத யாரு படிக்கா? மொதலாளி பழசத்தான போன்ல வச்சுக் காட்டுதாரு! வெடிப்பே கெடையாதாம், நான் வதந்தி கெளப்புனேனாம். தானாவுல எழுதிக் குடுத்துட்டாரு. சாயங்காலம் என்னய வரச் சொல்லியிருக்காவ." கிருஷ்ணம்மாள் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு எழுந்தாள். "அங்க வந்து ஒன் வாயால சொல்லு."

போலீஸ் ஸ்டேஷன்! கிடங்கு முதலாளி அப்பாவின் ஆபீசுக்கு அடிக்கடி வந்து போகிறவர். இதழியல் துறைத் தலைவரும், குழுவின் பெயர் கெட்டால் சும்மா விட மாட்டார். 'நாளைக்கு வரேன்' என்று சொல்ல வாயெடுத்தாள். கட்டிலில் கோபு வலியில் முனகினார். அவள் கிருஷ்ணம்மாளின் பின்னால் நடந்தாள்.

ஸ்டேஷனில் முதலாளி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அரே, இது நம்ம ஆபீசர் ஐயாவின் பெண் அல்லவா? படித்த பிள்ளைகளே போலி என்று சொல்லிவிட்டார்கள், சார்!"

அதிகாரி மஹிமாவிடம் திரும்பினார். "எப்படி முடிவு செய்தீர்கள்?"

குரலின் ஏற்ற இறக்கம், மூச்சு, உச்சரிப்பு என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். அவற்றையெல்லாம் விட்டுவிட்டாள்.

"போய்ப் பார்க்கலை, சார். ஒரு பஸ் ஏறினால் கிடர்பூர். யாருமே போய்ச் சுவரைப் பார்க்கலை. நான் சொன்னது தப்பு. இவர் சொன்னதுதான் நிஜம்."

முதலாளியின் சிரிப்பு அணைந்தது. அவள் சொன்னதை அதிகாரி எழுதிக் கையெழுத்து வாங்கினார். மஹிமா திரும்பிப் பார்த்தாள், ஒரு வார்த்தைக்காக.

கிருஷ்ணம்மாள் அவளைப் பார்க்கவில்லை. "நான் போலாமா, பாபு? அவருக்குக் கஞ்சி குடுக்கணும்" என்று அதிகாரியிடம் வங்க மொழியில் கேட்டுவிட்டு, விடுவிடுவென்று படியிறங்கிப் போனாள்.