இராசமணியின் கத்தரிப் பாத்தி

பள்ளிக்கூடங்கள் எல்லாம் தோட்டம் போட வேண்டும் என்று அரசாங்கம் சொன்ன வருடம் அது. அனலைதீவின் மேற்குக் கரையில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தின் கிணறு உவர். மூன்றாம் வகுப்பு ஞானசவுந்தரி ரீச்சர் ஒரு வழி கண்டார். ஆளுக்கு இரண்டு கத்தரிக் கன்று. ஆளுக்கு ஒரு போத்தல் நல்ல தண்ணீர், வீட்டிலிருந்து.

ஒரு மாதத்தில் எல்லாக் கன்றும் தளிர்த்தன. இராசமணியின் கன்றுகள் மட்டும் ஓரம் கருகி நின்றன.

"ரீச்சர், இவள் கத்தரியைக் கருவாடு போட்டிட்டாள்" என்றான் பாலசிங்கம். வகுப்பே சிரித்தது.

ரீச்சர் அவளுடைய போத்தலை வாங்கி ஒரு வாய் குடித்தார். உப்புக் கரித்தது. பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஊரின் நல்ல தண்ணீர்க் கிணற்றில் இராசமணியின் சாதியார் வாளி போடக் கூடாது. யாராவது இரங்கி அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். இது ரீச்சருக்குத் தெரியாததல்ல. போத்தல் கொண்டுவரச் சொன்னபோது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் முற்றத்தில் ஒரு பீப்பா வைத்தார். எல்லாரும் அதில் ஊற்றுங்கள், எல்லாப் பாத்திக்கும் ஒரே தண்ணீர் என்றார். பிள்ளைகள் ஊற்றினார்கள். இராசமணியும் ஊற்றினாள்.

அதற்கடுத்த நாள் போத்தலோடு வந்தது இராசமணி மட்டும்.

மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தலைமையாசிரியர் அரியநாயகம் ரீச்சரைக் கூப்பிட்டார். "நீர் தோட்டம் படிப்பிக்க வந்தனீர். அதைப் படிப்பியும்."

பீப்பா போனது. போத்தல்கள் திரும்பி வந்தன.

ரீச்சர் தான் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றில் ஒரு போத்தல் நிரப்பி வந்து இராசமணியிடம் கொடுத்தார். அவள் பாத்தியடியில் போய் நின்றாள். மூடியைத் திறக்கவில்லை.

"ஏன் பிள்ளை, ஊத்தேல்லையே?"

"அம்மாவுக்குக் காய்ச்சல் ரீச்சர். குடிக்கக் கொண்டுபோகட்டே?"

ரீச்சர் தலையாட்டினார். அடுத்த நாளும் போத்தல் அதே வழியில்தான் போனது. அதற்கடுத்த நாள் ரீச்சர் கேட்கவேயில்லை.

கன்றுகள் இரண்டும் சரிந்தன. மற்றப் பாத்திகளில் கத்தரி பூத்தபோது, பூவைப் பற்றிய பாடத்தை ரீச்சர் வகுப்புக்கு உள்ளேயே, கரும்பலகையில் கீறி நடத்தினார்.